முப்பது நிமிஷத்தில் முடியாத கதை: வில்லுப்பாட்டை நேரில் போய்க் கேட்பது ஏன் அவசியம்?

சென்னையிலும் பெங்களூருவிலும் சனிக்கிழமை சாயங்காலம் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்துப் போவது இப்போது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு கிட்டார், ஒரு தாளக் கருவி, ஒரு குரல், எதிரே ஐம்பது அறுபது பேர். பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழுகிற தூரத்தில் உட்கார்ந்து கேட்பதுதான் அதன் ருசி.

அப்படிப் போகிறவர்களில் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. நெய்யூர், இரணியல், திங்கள்சந்தை பக்கம் பிறந்து, படித்து, வெளியூரில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் ஊரிலேயே இதற்கு இணையான ஒரு கச்சேரி பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது, முன்வரிசையில் தரையில் உட்கார யாரும் தடுக்கமாட்டார்கள். அதன் பெயர் வில்லுப்பாட்டு. கொடைக்கு ஊருக்கு வருகிற இளைஞர்கள் பலர் சாமி கும்பிட்டு, சொந்தக்காரர்களைப் பார்த்து, பந்தலில் வில்லு நடக்கும்போது அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

'வில்லுப்பாட்டு அழிகிறது' என்பது பழைய புலம்பல். அது முழு உண்மையும் இல்லை. பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், கொடைகளும் நடக்கின்றன. குறைந்துவருவது வேறொன்று: ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்கிற ஆட்கள். இந்தக் கலை கேட்பவரை நம்பியே கட்டப்பட்டிருப்பதால், அந்தக் குறைவு கதையின் நீளத்தையும், பாடும் விதத்தையும், கலைஞரின் வருமானத்தையும் சேர்த்தே பாதிக்கிறது.

வில்லுப்பாட்டு என்றால் என்ன?

தென் மாவட்டங்களுக்கு உரிய கதைப்பாட்டுக் கலை இது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி பகுதிகளில் அதிகம். பேச்சில் 'வில்லு', 'வில்லடி' என்பார்கள். திருவனந்தபுரம் பக்கம் மலையாளத்திலும் இது உண்டு, அங்கே 'வில்லடிச்சாம்பாட்டு'. இதில் ஆச்சரியம் இல்லை. 1956 நவம்பர் 1 வரை நெய்யூர் உட்பட இந்தப் பகுதி திருவிதாங்கூர் - கொச்சியின் பகுதியாகவே இருந்தது. எல்லை மாறியது, பாட்டு இரண்டு பக்கமும் தங்கிவிட்டது.

கருவிகள் எளிமையானவை. ஓர் ஆள் உயரத்தைத் தாண்டிய பெரிய வில். அதன் தண்டிலே வரிசையாக மணிகள். வில்லின் நடுப்பகுதி ஒரு மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். கதை பாடுபவர் இரண்டு வீசுகோல்களால் நாணை அடிப்பார். அடி விழும்போது மணிகள் எல்லாம் சேர்ந்து குலுங்கும். குடம் அடிப்பவர் குடத்தின் வாயில் தட்டையான மட்டையால் அடித்து ஆழமான ஒலியை எழுப்புவார். கூடவே உடுக்கை, ஜால்ரா, கட்டை. பிற்காலத்தில் சில குழுக்களில் ஆர்மோனியமும் சேர்ந்தது.

தோல், மண், மரம், உலோகம். இந்த நான்கும் ஒரே சமயத்தில் ஒலிப்பதுதான் வில்லுப்பாட்டின் இசை. மின்சாரம் வருவதற்கு முன்பே ஒரு கோவில் முற்றத்தை நிறைக்க இது போதுமானதாக இருந்தது. இன்றைய சொல்லில், இது முழுக்க 'அகௌஸ்டிக்' இசை.

'ஆமா' என்று ஏன் சொல்கிறார்கள்?

வில்லுப்பாட்டைக் கிண்டல் செய்கிறவர்கள் முதலில் பிடிப்பது அந்த 'ஆமா'வைத்தான். சினிமா காமெடியில் வந்து வந்து அது ஒரு நகைச்சுவைக் குறியாகிவிட்டது. உண்மையில் கதை நகர்வதே அதனால்தான்.

முன்பாட்டுக்காரர் ஒரு வரியைச் சொல்வார். பின்பாட்டுக்காரர் அதை ஏற்றுப் பாடுவார், கேள்வி கேட்பார், சந்தேகம் எழுப்புவார், 'ஆமா' போடுவார். கதை சொல்கிறவருக்கு அது மூச்சு வாங்க ஒரு இடம். கேட்கிறவருக்கு அது ஒரு பாலம். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் மனசில் எழும் கேள்வியைத்தான் பின்பாட்டுக்காரர் மேடையில் கேட்கிறார். அதாவது, கேட்பவரின் இடத்தை இந்தக் கலை மேடையிலேயே ஒதுக்கி வைத்திருக்கிறது.

எதிரே கூட்டம் இருந்தால் புலவர் கதையை நீட்டுவார். உள்ளூர்ப் பெயர்களைச் சேர்ப்பார். சிரிப்பு வந்தால் அந்த இடத்தில் இன்னும் இரண்டு வரி போடுவார். பாட்டிமார் கண்ணைத் துடைத்தால் அங்கே நிறுத்தி நிதானமாகப் பாடுவார். எதிரே காலி நாற்காலி மட்டும் இருந்தால் கதை சுருங்கிவிடும். காசு வாங்கிய கடமைக்கு முடித்துவிட்டுப் போவார்கள். கலைஞரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் எந்தக் கதையும் நீளாது.

எங்கே, எப்போது கேட்கலாம்?

கொடைதான் இதன் முக்கியமான களம். அம்மன், இசக்கி, சுடலைமாடன், சாஸ்தா போன்ற தெய்வங்களின் கோவில்களில் ஆண்டுதோறும் நடக்கும் விழாவையே தென்கோடியில் கொடை என்கிறார்கள். பல ஊர்களில் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களிலும் ஆடியிலும் கொடைகள் அடுத்தடுத்து வரும். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளை ஒட்டி இரண்டு மூன்று நாள் நடக்கும். மதியக் கொடை, சாமக் கொடை என்று வேளை பிரித்திருப்பார்கள்.

கொடை நோட்டீஸைப் பார்த்தால் போதும். எத்தனை மணிக்கு வில்லிசை, எந்தக் குழு என்று அச்சடித்திருப்பார்கள். இப்போது அந்த நோட்டீஸ் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முதலில் வருகிறது. திங்கள்சந்தை, குளச்சல், தக்கலை பக்கத்துச் சுவர்களிலும் ஒட்டியிருப்பார்கள்.

வில்லுப்பாட்டு ஒரு மதத்தோடு மட்டும் நின்றுவிடவில்லை. பைபிள் கதைகளையும் வில்லில் பாடியிருக்கிறார்கள். விடுதலைப் போராட்டக் கதை, காந்தி கதை, குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு என்று காலத்துக்கு ஏற்ற விஷயங்களும் வில்லில் ஏறியிருக்கின்றன. தேவாலயமும் கோவிலும் அக்கம்பக்கத்தில் இருக்கும் நெய்யூர் போன்ற ஊருக்கு இது புரியாத விஷயம் இல்லை.

வில்லுப்பாட்டோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. சுடலைமாடன் கோவில்களில் மகுடம் என்ற தோல்கருவியை வைத்து நடக்கும் கணியான் கூத்து. நாகஸ்வரம், தவில், பம்பை சேர்ந்த நையாண்டி மேளம். கோலடித்துப் பாடி ஆடும் களியல். குமரி மாவட்ட விழாக்களில் இப்போது செண்டை மேளமும் சிங்காரி மேளமும் அதிகம் கேட்கின்றன. அவையும் நல்ல கலைகளே. ஆனால், நோட்டீஸில் அவற்றுக்கு இடம் கூடும்போது வில்லுக்கு ஒதுக்கும் நேரமும் பணமும் குறைவது உண்டு.

அந்தக் கதைகளில் இருப்பது யார்?

வில்லுப்பாட்டு வெறும் பக்திப் பாட்டு என்று நினைப்பவர்கள் ஒருமுறை முழுக்கதையையும் கேட்க வேண்டும். இந்தக் கதைகளின் நாயகர்களில் பெரும்பகுதி கொலையுண்டவர்கள். அநியாயமாக வெட்டப்பட்டவர்கள், ஏமாற்றப்பட்ட பெண்கள், சாதி மீறிக் காதலித்தவர்கள், போரில் விழுந்தவர்கள். அப்படிச் செத்தவர்களை ஊர் மறக்காமல் தெய்வமாக்கி, ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் கதையைப் பாடவைத்துக் கேட்கிறது.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளலாம். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன், சக்கிலியர் குலத்தைச் சேர்ந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளைக் கல்யாணம் செய்கிறான். அதற்காகத் தன் சாதி அடையாளத்தை விடுகிறான், செருப்புத் தைக்கும் தொழிலை ஏற்கிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயனாக இன்றும் வணங்கப்படுகிறான். பக்தர்கள் அங்கே காணிக்கையாகச் செருப்பு கட்டுகிறார்கள். நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார்.

இன்னொன்று இரவிக்குட்டிப் பிள்ளை போர். 17-ம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் உயிர்விட்ட வேணாட்டுப் படைத்தலைவரின் கதை. கணியாகுளம் நாகர்கோவிலை ஒட்டிய ஊர். அந்த வழியாகத் தினமும் பைக்கில் போகிறவர்கள் எத்தனை பேருக்கு அது ஒரு போர்க்களம் என்று தெரியும்? பாடப்புத்தகத்தில் இல்லாத உள்ளூர் வரலாறு வில்லில் இருக்கிறது. அதில் கற்பனையும் கலந்திருக்கும். ஆனால், ஊர் எதை நினைவில் வைக்க விரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

சுருக்கிப் பாடினால் என்ன குறை?

வில்லுப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காப்பு. பிறகு குரு வணக்கம், அவையடக்கம். என்ன கதை பாடப்போகிறோம் என்று அறிவிப்பார்கள். நாட்டு வளம் சொல்வார்கள். அப்புறம்தான் கதை. கடைசியில் எல்லாரையும் வாழ்த்தும் வாழி. புதிதாகக் கேட்பவருக்கு முதல் அரைமணி நேரம் 'எப்போ கதை ஆரம்பிக்கும்?' என்று தோன்றும்.

அந்த அரைமணி நேரம் வீண் இல்லை. அதற்குள் காது குடத்தின் தாளத்துக்குப் பழகிவிடும். பாடுகிறவரின் குரல் யார் மாதிரி இருக்கிறது, எங்கே இழுக்கிறார், எங்கே பேச்சுக்கு மாறுகிறார் என்பது பிடிபடும். கதையில் சாவு நெருங்கும்போது தாளம் வேகம் எடுக்கும். உடுக்கையும் குடமும் விரட்டும். பல கோவில்களில் சாமியாடுகிறவருக்கு அருள் வருவது இந்தக் கட்டத்தில்தான். அதுவரை பொறுமையாகக் கட்டிய கதை இல்லையென்றால் அந்த வேகத்துக்கு அர்த்தம் இல்லை. கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் ரீல்ஸில் பார்ப்பவருக்குத் தெரிவது சத்தம். முழுக்கக் கேட்டவருக்குத் தெரிவது ஒரு சாவு.

இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. தென்கொரியாவில் 'பன்சோரி' என்ற கதைப்பாட்டு உண்டு. ஒரு பாடகர், ஒரு மத்தளக்காரர், அவ்வளவுதான். ஒரு முழுக்கதை பல மணி நேரம் போகும். கேட்பவர்கள் நடுவே குரல் கொடுத்து உற்சாகப்படுத்துவார்கள். ஏறக்குறைய நம்ம 'ஆமா' மாதிரி. நவீன மேடைகளில் அது துண்டு துண்டாகச் சுருங்கியது. 1968-ல் பாக் டோங்ஜின் என்ற கலைஞர் ஒரு கதையை ஐந்து மணி நேரம் முழுமையாகப் பாடிக் காட்டினார். அதன் பிறகு முழுக்கதை நிகழ்ச்சிகளுக்கு மறுபடி மதிப்பு வந்தது. 1980-களிலிருந்து அந்நாட்டின் தேசிய அரங்கம் முழுக்கதைப் பன்சோரியைத் தொடர் நிகழ்ச்சியாகவே நடத்துகிறது. நன்றாகக் கேட்கத் தெரிந்த ரசிகரைக் குறிக்க, 'காதால் பெரும்பாடகர்' என்கிற பொருளில் கொரிய மொழியில் தனிச்சொல்லே இருக்கிறது. கேட்பதும் ஒரு திறமை என்று அந்தச் சமூகம் ஒப்புக்கொண்டதால்தான் கலை நீளமாகவே நின்றது.

மேடை கொடுத்ததும், மேடை எடுத்ததும்

வில்லுப்பாட்டைக் கோவில் முற்றத்துக்கு வெளியே கொண்டுவந்ததில் நாஞ்சில் நாட்டுக்கே பெரிய பங்கு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் பாடினார். அவரோடு சென்னைக்குப் போன நெல்லைக்காரரான சுப்பு ஆறுமுகம், வானொலி, தொலைக்காட்சி, சபா மேடை என்று அதை எல்லா இடத்துக்கும் கொண்டுபோனார். 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022 அக்டோபரில் மறைந்தார். வில்லுப்பாட்டு என்ற பெயர் இன்று தமிழ்நாடு முழுக்கத் தெரிகிறது என்றால், அதற்கு இந்த இருவரும் முக்கியமான காரணம்.

2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம், 2015-ல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, 2020 டிசம்பரில் தொடங்கிய மார்கழியில் மக்களிசை ஆகியவை நாட்டுப்புற இசைக்கும் மக்கள் இசைக்கும் நகரத்தில் புதிய கேட்பவர்களைக் கொடுத்தன. யாருடைய இசைக்கு டிசம்பரில் மேடை கிடைக்கிறது, யாருடையதுக்குக் கிடைக்கவில்லை என்ற சாதிக் கேள்வியை அவை வெளிப்படையாகப் பேசவும் வைத்தன. இது பெரிய லாபம்.

ஆனால், பல குழுக்கள் வரிசையாக வரும் திருவிழா மேடையில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது இருபது, முப்பது நிமிஷம். அங்கே முத்துப்பட்டன் சாக நேரம் இல்லை. காப்பு, ஒரு நகைச்சுவை, ஒரு விழிப்புணர்வுப் பாட்டு, வாழி என்று முடிந்துவிடும். அதைத்தான் வில்லுப்பாட்டு என்று ஒரு தலைமுறை நினைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

ஒரு சடங்கு இசையை இடம் மாற்றும்போது என்ன ஆகும் என்பதற்கு நெய்யூரோடு தொடர்புள்ள ஒரு பழைய உதாரணம் உண்டு. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல ஆண்டுகள் வேலை செய்த அறுவை சிகிச்சை மருத்துவர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போனவர். இசையிலும் ஈடுபாடு உள்ளவர். வழியில் திபெத்தியப் பாட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். 1924 பயணத்தைப் பற்றி ஜான் நோயல் எடுத்த மௌனப் படத்துக்கான இசையில் அவை பயன்பட்டன. அந்தப் படத்தைத் திரையிடும்போது நோயல் ஒருபடி மேலே போய், திபெத்தியத் துறவிகளை லண்டனுக்கு அழைத்துவந்து மேடையில் ஆடவைத்தார். தங்கள் சடங்கு வேடிக்கைப் பொருளானதில் திபெத் கோபப்பட்டது. அடுத்த பிரிட்டிஷ் எவரெஸ்ட் பயணம் போக 1933 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சோமர்வெல் காது கொடுத்துக் கேட்டு எழுதியதும், துறவிகளைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்ததும் ஒன்றல்ல. நாட்டுப்புறக் கலையை ரசிக்கப் போகிற யாருக்கும் இந்த வித்தியாசம் முக்கியம்.

பத்து மணிக்கு மேல் பாட முடியாதே?

நியாயமான கேள்வி. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பின்னாளில் செய்த திருத்தத்தில் இசைக்கருவிகளும் சேர்க்கப்பட்டன. பண்டிகைக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை ஒலிபெருக்கிக்கு மாநில அரசு விலக்கு தரலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலம்.

விடியவிடியக் கதை பாடிப் பழகிய கலைக்கு இது பெரிய வெட்டு. அதே சமயம், மருத்துவமனையால் பேர் வாங்கிய ஊர் நெய்யூர். 1838-லிருந்து மருத்துவ மிஷனின் வரலாறு உள்ள இடம். படுக்கையில் கிடப்பவருக்கும், மறுநாள் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கும் தூக்கம் வேண்டும். சாமி காரியம் என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால், யாரையும் தூங்கவிடாமல் செய்வது மண்குடமா, கூம்பு ஸ்பீக்கரா? மூன்று தெருவுக்கு அந்தப் பக்கம் கட்டிய ஸ்பீக்கரில் வில்லு கேட்பவருக்கு அது வெறும் இரைச்சல். அதனால் அவர் பந்தலுக்கு வரவும் மாட்டார். ஸ்பீக்கரைக் குறைத்தால் கேட்க விரும்புகிறவர் கிட்டே வந்து உட்கார்வார்; விரும்பாதவர் தூங்குவார்.

கொடைக் கமிட்டிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாயங்காலம் ஆறிலிருந்து பத்து மணி வரையான நல்ல நேரத்தை மெல்லிசைக்கும் ஆடல்பாடலுக்கும் கொடுத்துவிட்டு, வில்லுக்கு மதிய வெயிலையும் ஆள் இல்லாத நேரத்தையும் ஒதுக்குவதை மாற்றலாம். நான்கு மணி நேரம் இருந்தால் ஒரு கதையை மரியாதையாகச் சொல்லி முடிக்கலாம். நீளமான கதையை இரண்டு நாளாகப் பிரிக்கலாம். சட்டத்தை மீறாமலே கதையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அதைக் கேட்கிற குரல்தான் இல்லை.

ஒரு குழு எப்படிப் பிழைக்கிறது?

ஒரு வில்லுக் குழுவில் ஐந்து முதல் எட்டுப் பேர். அச்சாரம் வாங்கித் தேதி குறிப்பார்கள். பேசிய தொகையில் வண்டி வாடகை, சாப்பாடு போக மீதியைப் பிரித்துக்கொள்வார்கள். கொடைக் காலம் முடிந்தால் பலருக்கு வேறு வேலைதான்.

இந்தக் கணக்கு எவ்வளவு பலவீனமானது என்பதைக் கொரோனா காட்டியது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. பங்குனிக் கொடைகள் நின்றன, சித்திரை, வைகாசியும் போயின. 2021 மே மாதம் மறுபடி ஊரடங்கு. அடுத்தடுத்து இரண்டு பருவம் அடிபட்டது. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு இரண்டு மாதம் போனால் இரண்டு மாதம். வில்லுக்காரருக்கு அந்த இரண்டு மாதம்தான் வருஷம்.

பெண்கள் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. ஆண்கள் மட்டுமே முன்பாட்டு பாடிய காலத்தில் சிறு வயதிலேயே வில்லடிக்க வந்து, குழுவுக்குத் தலைமை ஏற்ற குமரி மாவட்டக் கலைஞர் பூங்கனி. 2018 நவம்பரில் மறைந்தார். பல பத்தாண்டுகள் ஊர் ஊராகப் பாடியவர், கடைசிக் காலத்தில் வறுமையில்தான் இருந்தார். இன்று பெண்கள் முன்பாட்டு பாடுவது சகஜமாகிவிட்டது. அந்த வழியை வெட்டியவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான்.

அரசு 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் அமைத்தது. உதவித் திட்டங்கள் இருக்கின்றன. அவை தேவை. ஆனால், ஒரு கலைஞர் உதவித்தொகை வாங்குவதைவிட, அடுத்த வருஷத்துக்கும் அதே கோவிலில் அச்சாரம் வாங்குவதைத்தான் மரியாதை என்று நினைப்பார். அந்த அச்சாரத்தை முடிவு செய்வது பந்தலில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே. கூட்டம் எங்கே சேர்கிறதோ அங்கேதான் கமிட்டி பணம் போடும்.

ரெக்கார்டு செய்து வைத்தால் போதாதா?

ஏட்டில் எழுதிவைத்தார்கள், புத்தகமாக அச்சிட்டார்கள், கேசட் வந்தது, இப்போது யூடியூபில் கிடைக்கிறது. நாகர்கோவிலைச் சேர்ந்த அ.கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் இந்தக் கதைகளைத் தேடிப் பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தப் பகுதியில் கள ஆய்வு செய்து 1988-ல் ஒரு முழுநூலே எழுதினார். ஏட்டில் உள்ள பாட்டு நிகழ்ச்சியில் எப்படி உருவம் எடுக்கிறது என்பதைப் பார்க்க அவர் கொடைப் பந்தலுக்கே போனார்.

பதிவு கதையைக் காப்பாற்றும். கதை சொல்லும் பழக்கத்தைக் காப்பாற்றாது. ஒரு சின்னப்பையன் குடம் அடிக்கக் கற்றுக்கொள்வது குழுவோடு ஊர் ஊராகப் போய்த்தான். குழு போக ஊர் கூப்பிட வேண்டும். ஊர் கூப்பிடக் கேட்க ஆள் வேண்டும்.

போகிறவர்கள் என்ன கவனிக்கலாம்?

முதலில், இது கோவில் நிகழ்ச்சி என்பதை நினைவில் வைப்பது நல்லது. பல கொடைகள் ஒரு குடும்பத்தாரோ ஒரு சமுதாயத்தாரோ நடத்துவது. வெளியாள் போனால் தெரிந்தவர் ஒருவரோடு போவது சுலபம். கேட்க வந்தேன் என்று சொன்னால் பெரும்பாலும் சாப்பிட்டுவிட்டுப் போகத்தான் சொல்வார்கள். 'வெளியாள் வேண்டாம்' என்று சாதியைச் சொல்லித் தடுக்கும் இடம் இருந்தால், அது கமிட்டி வெட்கப்பட வேண்டிய விஷயம்.

கதை என்ன என்று முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் உட்காரும் ஆச்சியிடம் கேட்டால் போதும், மூன்று நிமிஷத்தில் முழுக்கதையும் சொல்லிவிடுவார். கதை தெரிந்திருந்தால் பாட்டில் எங்கே நீட்டுகிறார்கள், எங்கே மாற்றுகிறார்கள் என்று ரசிக்க முடியும். சொல் புரியவில்லை என்று பயப்பட வேண்டியதில்லை. நாஞ்சில் வழக்குத் தெரிந்தவருக்கு முக்கால்வாசி புரியும். மிச்சத்தைத் தாளம் சொல்லிவிடும்.

ஸ்பீக்கர் பக்கம் உட்காராமல் வில்லுக்கு நேரே, முன்னால் தரையில் உட்கார்வது நல்லது. குடத்தின் ஒலி அங்கேதான் குடத்தின் ஒலியாகக் கேட்கும். போனில் ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. சாமியாடுகிறவர் முகத்துக்கு நேராக கேமரா நீட்டுவது தப்பு. நிகழ்ச்சி நடுவே எழுந்து போகாமல் ஒரு கதையாவது வாழி வரை கேட்டால், பாடுகிறவருக்கு அது தெரியும். முடிந்ததும் கையில் அன்பளிப்பு கொடுக்கிற வழக்கம் உண்டு. ஜிபே எண் கேட்டாலும் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

வேலைக்குப் போகிற தலைமுறைக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. கொடைக்கு வரி கொடுப்பவர்கள் அவர்கள்தான். வெளியூரிலிருந்து பணம் அனுப்பும்போது, 'வில்லுக்கு எத்தனை மணி நேரம் வச்சிருக்கீங்க மாமா?' என்று கமிட்டியில் இருக்கும் ஒருவரிடம் கேட்கலாம். கல்லூரி விழாவுக்கோ, அலுவலகப் பொங்கலுக்கோ, வீட்டுப் பால்காய்ப்புக்கோ ஒரு குழுவைக் கூப்பிடும்போது, இருபது நிமிஷம் என்று சொல்லாமல் இரண்டு மணி நேரம் கொடுத்துப் பார்க்கலாம். பேசிய தொகையை அன்றைக்கே கொடுத்தனுப்புவதும் அதில் சேரும்.

எந்தக் கலைக்கும் எல்லாக் காலத்திலும் ஒரே உருவம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வில்லுப்பாட்டு மைக்கை ஏற்றது, ஆர்மோனியத்தை ஏற்றது, காந்தியை ஏற்றது. சின்ன மேடையையும் அது ஏற்கும். ஆனால், சின்ன மேடைக்குச் சுருக்கிச் சொல்ல வேண்டுமென்றாலும், முழுக்கதை எங்கேயாவது உயிரோடு இருக்க வேண்டும். அந்த இடம் நெய்யூர் போன்ற ஊர்களின் கொடைப் பந்தல்தான். ஊருக்கு வருகிற பிள்ளைகள் அடுத்த கொடைக்கு அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், அதற்கடுத்த கொடைக்குக் கமிட்டி மூன்று மணி நேரம் ஒதுக்கும்.